பெத்ரினி உயர்கிறது

படகிலிருந்து பெத்ரினித் தீவில் இறங்க அமலி மோத்தாவுக்கு ஓர் ஏணி தேவைப்பட்டது. அவளுக்கு முதலில் உறுத்தியது அந்த ஏணிதான்.

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள் அவள். எந்த ஊரிலும் படகுத்துறையை, படகின் விளிம்பிலிருந்து ஓர் எட்டு வைத்தால் ஏறிவிடுகிற உயரத்தில்தான் கட்டுவார்கள். இங்கேயோ துறையின் விளிம்பு அவள் தலைக்கு மேலே இருந்தது. ஏணியில் பச்சைப் பெயின்ட் வாசம்கூட இன்னும் போகவில்லை. ஏறும்போது பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். தண்ணீர் வந்து தொடும் மட்டத்தில் ஒட்டி வாழும் கொட்டலசுகள், தண்ணீருக்கு எட்டாத உயரத்தில், வெயிலில் வெளுத்து, வரிசையாகச் செத்துப்போயிருந்தன. ஒன்று, கடல் இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் தரை ஏறியிருக்க வேண்டும். ஒரே ஒரு தீவுக்காகக் கடல் இறங்காது.

"வாங்கோ பிள்ளை, வாங்கோ. கையைத் தாங்கோ."

மேலேயிருந்து கை நீட்டியவர் அகிலேசன், பெத்ரினி கண்காணிப்பு நிலையத்தின் பொறியாளர். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு கிரேக்கப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இந்தத் தீவிலேயே தங்கிவிட்டவர்; மனைவி இறந்த பிறகும் இடம் மாறவில்லை. அமலியை ஆய்வுக்கு அனுப்பிய ஏதென்ஸ் எரிமலை ஆய்வு அலுவலகத்தில் அவரைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

"ஏணி புதுசா அண்ணே?"

"ஓம். மாரியில அலை பெலம். பழைய படி உடைஞ்சு போச்சு."

உடைந்த படியின் அடையாளம் எங்கேயும் இல்லை.

கார் மேட்டில் ஏறியது. பாதையின் இருபுறமும் தீவின் உட்புறம் வெட்டி வைத்த மாதிரி தெரிந்தது. அடியில் கருங்குழம்பு உறைந்த பாறை, அதன்மேல் வெள்ளை நுரைக்கல், அதற்கும் மேல் செங்கல்பொடி நிறத்தில் மண். மலை எத்தனை தடவை சீறியதோ அத்தனை அடுக்கு. அந்த அடுக்குகளை ஒட்டியே படிப்படியாகத் திராட்சைக் கொடிகளும் அத்தி மரங்களும் நின்றன. கடலுக்கு அப்பால் நீலமும் சாம்பலும் கலந்து பெரிய தீவான மெகாலி தெரிந்தது. அதன் உச்சியில் வெள்ளை வெள்ளையாக ஹோட்டல்கள்.

"வடிகால் பத்தி ஆபீஸ்ல படிச்சேன். நீங்க உங்க வாயால ஒருக்கா சொல்லுங்க."

அகிலேசன் சிரித்தார். "அதில என்ன இருக்கு? மெகாலிக்கு அடியில நெருப்புக்குழம்பு சேர்ந்துகொண்டே வந்தது. மேல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அவ்வளவு சனம். வெடிச்சிருந்தா ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டினம். அதால கடலுக்கடியில துளை போட்டு, அழுத்தமான தண்ணியை உள்ள விட்டு, பாறை வெடிப்பை அகட்டிக் குழம்பை மெள்ள மெள்ள வடிய விட்டினம். புண்ணில சீழ் எடுக்கிற மாதிரித்தான்."

"எந்தப் பக்கமா வடியுது?"

"ஆழ்கடல் பள்ளத்துப் பக்கமா."

"இந்தப் பக்கம் வராதுல்லா?"

"வந்தா நிப்பாட்ட வேணும் எண்டுதானே கோர்ட் தீர்ப்பு. ஆக்கள் சீவிக்கிற தீவில தரை அசைஞ்சா, அண்டைக்கே வடிகாலை மூட வேணும். அதைப் பாக்கத்தானே உங்களை அனுப்பினவை."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சொன்ன விதத்தில்தான் ஏதோ இருந்தது. பல பேருக்குச் சொல்லிச் சொல்லி மழுங்கிப்போன குரல் அது.

மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்தினார். கீழே எரிமலைவாய், ராட்சசக் கிண்ணம் மாதிரி. அடியில் வெளிறிய களிமண் தரை. அங்கங்கே துளைகளிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. துளைகளைச் சுற்றி மஞ்சளாகக் கந்தகம் பூத்திருந்தது. ஒரு வருடத்துக்கு முன் எடுத்த படங்களை அமலி மனப்பாடமாகும் அளவுக்குப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவற்றில் இவ்வளவு மஞ்சள் இல்லை.

கிண்ணத்தின் சரிவில், ஒரு பள்ளத்துக்குள் மட்டும் அத்தி மரங்கள் பட்டுப்போய் நின்றன. சுற்றிலும் உள்ளவை பச்சையாக இருந்தன. அமலி இறங்கிப் போனாள். மரத்தடியில் பல்லிகள் செத்துக் கிடந்தன. ஒரு குருவியும் கிடந்தது. எறும்பு மொய்க்கவில்லை. தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்துத் தரைப்பக்கம் தாழ்த்தினாள். முழங்கால் உயரத்தில் சுடர் பட்டென்று அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தாள். அதுவும் அணைந்தது.

மேலே நின்றபடியே அகிலேசன் சொன்னார். "காத்து."

ஓர் இலைகூட அசையவில்லை. மண்ணுக்கடியிலிருந்து கசியும் கரியமில வாயு கனமானது. பள்ளத்தில் குளம் மாதிரி தேங்கும். அதில் வேரும் மூச்சு விடாது, நெருப்பும் எரியாது. எரிமலை படித்தவர்களுக்கு இது பாலபாடம். அகிலேசனுக்கும் தெரியாமல் இருக்காது.

மாலையில் ஊர்ச் சதுக்கத்துக் காபிக்கடைக்குக் கூட்டிப்போனார். கடையை நடத்துபவள் ஸ்தமாத்தியா. எழுபதைத் தாண்டிய, தோள் அகன்ற, குரல் கனத்த பெண். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கை குலுக்கினார்கள். எல்லோருமே வயதானவர்கள். எல்லோரும் சிரித்தார்கள். விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பது வேறு. பரிசோதிக்க வந்தவளைப் பார்த்துச் சிரிப்பது வேறு. அமலி அந்த இரண்டாவது சிரிப்பை ஆய்வுக்குப் போன சுரங்கங்களில் நிறையப் பார்த்திருக்கிறாள்.

"சமீபத்துல ஏதாச்சும் மாற்றம் பார்த்தாங்களான்னு கேளுங்க அண்ணே."

அகிலேசன் கிரேக்க மொழியில் கேட்டார். ஸ்தமாத்தியா பதில் சொல்லத் தொடங்கினாள், சொல்லிக்கொண்டே போனாள். மேசையில் தட்டினாள், கடல் பக்கம் கையைக் காட்டினாள், ஒரு கட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடுநடுவே ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. தா பெதியா. தா பெதியா.

"என்ன சொல்லுறாங்க?"

"ஒரு மாற்றமும் இல்லையாம். வழக்கம் போலத்தானாம்."

அறைக்கு வந்ததும் அமலி அந்தச் சொல்லைக் கைபேசியிடம் சொல்லிப் பார்த்தாள். 'பிள்ளைகள்' என்று பதில் வந்தது. எரிமலையைப் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பிள்ளைகளைப் பற்றிப் பதில். மொழிபெயர்த்தவர் அந்தப் பிள்ளைகளை வழியிலேயே இறக்கிவிட்டிருக்கிறார். தனக்குக் கிரேக்கம் தெரியாது என்பதை அலுவலகத்தில் ஒருவர்கூட ஒரு குறையாகச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

காலையில் அவரை எதிர்பார்க்காமல் தனியாகக் கிளம்பினாள். எரிமலைவாய்க்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் களிமண் செருப்பைத் தாண்டிச் சுட்டது. அழுகிய முட்டை நாற்றம் தொண்டையைப் பிடித்தது. தரையின் சாய்வை அளக்கும் கருவியின் பெட்டி, வரைபடம் காட்டிய இடத்திலேயே, பாறையில் அறைந்து பொருத்தப்பட்டிருந்தது. இந்தக் கருவிதான் மாதக்கணக்காக ஏதென்ஸுக்கு 'அசைவில்லை, அசைவில்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கம்பி ஒழுங்காக இருந்தது. பூட்டும் ஒழுங்காக இருந்தது. அலுவலகம் கொடுத்த சாவியால் திறந்தாள்.

உள்ளே ஒரு பழைய கம்பளித் துண்டும், கனத்துக்குச் சில கருங்கற்களும் இருந்தன.

பின்னால் காலடி கேட்டது. அகிலேசன்தான். வேகமாக இறங்கி வந்ததில் மூச்சு வாங்கியது.

"கருவி எங்க அண்ணே?"

அவர் சமாளிக்க முயலவில்லை. "தென்முனையில. தேவாலயத்து நிலவறையில. அங்க தரை அசையாது."

"யாரு சொல்லிச் செஞ்சீங்க? வடிகால்காரங்களா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. கழட்டினது நான். தூக்கிக்கொண்டு போனது ஊர்ச்சனம். ஸ்தமாத்தியா முன்னால நடந்தவ."

"குழம்பு இங்கதான் வருது. தீவே எழும்பிக்கிட்டு இருக்கு. உங்க உயிரு போற விஷயத்தை நீங்களே மறைப்பீங்களா?"

"இருங்கோ பிள்ளை." அவர் ஒரு பாறையில் உட்கார்ந்தார். "நேத்து கடையில இளசா ஒரு முகம் பாத்தீங்களோ? இல்லை. எங்கட பிள்ளையள் எல்லாம் மெகாலியில. ஹோட்டலில, ஆஸ்பத்திரியில, படகில. என்ர மகள் நிரோஜினி, அவளின்ர கைக்குழந்தை, ஸ்தமாத்தியாவின்ர மகன், எல்லாரும் அங்க. இங்க தரை அசையுது எண்டு நாங்கள் சொன்னா, அண்டைக்கே வடிகால் பூட்டு. பூட்டினா அமுக்கம் திரும்பி எங்க போகும்?"

அமலி கடலுக்கு அப்பால் பார்த்தாள்.

"அப்போ நீங்க எல்லாரும் கிளம்பிப் போயிருங்க. மலை என்னவும் செய்யட்டும்."

"போனா ஏன் போறாய் எண்டு கேப்பினம். ஆக்கள் ஓடுற தீவை ஆபத்தில்லாத தீவு எண்டு எந்தக் கோர்ட் சொல்லும்? நாங்கள் வீட்டில விளக்கேத்திக்கொண்டு, காபி குடிச்சுக்கொண்டு இருக்கிறதுதான் அத்தாட்சி. நாங்கள் இருக்கும் வரைக்கும் வடிகால் ஓடும்."

"மெகாலி ஆளுங்களை வெளியேத்தச் சொல்லலாமே."

"வடிகால் வர முன்னம் நாங்கள் எத்தனை தரம் கேட்டனாங்கள். சீசன் முடியட்டும் எண்டாங்கள் ஹோட்டல்காரங்கள். பிறகு அடுத்த சீசன். இப்ப வடிகால் இருக்கு, எல்லாம் சுகம் எண்டு இன்னும் கட்டுறாங்கள்." அவர் ஒரு கணம் நிறுத்தினார். "நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க ஆமிக்காரர் எங்கட ஊரை விட்டு எழுப்பினவை. கொஞ்ச நாளைக்குத்தான் எண்டு சொல்லித்தான். பிறகு கம்பி வேலி. அப்பா அந்த வேலியைப் பாத்துக்கொண்டே செத்தவர். இந்த முறை என்னை ஒருத்தரும் எழுப்பேல்லை. நானாத்தான் இருக்கிறன். அந்த வித்தியாசம் உங்களுக்கு விளங்குமோ தெரியேல்லை."

அமலிக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் மரியாதை வந்தது. ஆனால் அதற்குப் பின்னாலேயே ஒரு சந்தேகமும் வந்து நின்றது.

"அண்ணே, பெட்டிக்குள்ள இருக்கிற கருவியை நீங்க மாத்தி வைக்கலாம். வானத்துல இருக்கிற ரேடாரை என்ன செய்வீங்க? தரை ஒரு விரல் ஏறினாலும் செயற்கைக்கோள் படத்துல தெரியும். இங்க ஓர் ஆள் உயரம் ஏறியிருக்கு."

அகிலேசன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதைத்தான் நானும் இவ்வளவு நாளும் யோசிச்சுக்கொண்டு இருக்கிறன். ஒருத்தரும் ஏன் கேக்கேல்லை எண்டு."

நிலையத்துக்குத் திரும்பியதும் ஏதென்ஸ் அலுவலகத்துத் தலைமை ஆய்வாளர் பெலிக்ஸை அழைத்தாள். அவர் குரலில் எப்போதும் போல மரியாதை, எப்போதும் போல அவசரம்.

"அளவுகள் அமைதியாக இருக்கின்றனவா?"

"கருவிகள் அமைதியாகத்தான் இருக்கின்றன. பெத்ரினியின் ரேடார் படங்கள் எனக்கு ஏன் வரவில்லை?"

"அது வேறு பிரிவு."

"நீங்கள் பார்த்தீர்களா?"

"அமலி, நீ புத்திசாலி. நிலத்தில் நின்று பார்த்த ஒருவரின் கையெழுத்து எங்களுக்கு வேண்டும். கருவி என்ன சொல்கிறதோ அதன் கீழே உன் பெயர். நாளை மாலைக்குள் அனுப்பிவிடு. வேறு எதையும் நீ தேட வேண்டியதில்லை."

என்ன இருக்கிறது என்று தெரியாதவர், தேட வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

கிழவர்கள் அலுவலகத்தை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அலுவலகமோ ஏமாந்ததாக நடித்துக்கொண்டிருக்கிறது. நாளைக்கு எது வெடித்தாலும், கிரேக்கம் தெரியாத ஒரு தமிழ்ப் பெண்ணின் கையெழுத்து கோப்பில் இருக்கும். தன்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இப்போது சந்தேகத்துக்கு இடமில்லாமல் விளங்கியது.

மதியப் படகில் மெகாலிக்குப் போகிறேன் என்றதும் அகிலேசனின் முகம் மாறிவிட்டது.

"மகளிட்ட மட்டும் சொல்லிப் போடாதேங்கோ, பிள்ளை. அவளுக்குத் தெரிஞ்சா ஓடி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போயிடுவாள். எல்லாப் பிள்ளையளும் வருவினம். பிறகு எல்லாம் பாழ்."

அமலி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் சொல்லத்தான் போகிறாள் என்பது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் தடுக்கவில்லை. ஸ்தமாத்தியா மட்டும் துறை வரைக்கும் கூடவே வந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். படகு கிளம்பிய பிறகும் அந்தப் பிடியின் சிவப்பு கையில் இருந்தது.

கடலைக் கடக்கும்போது அமலி ஒரே ஒரு காரியத்தைப் பற்றித்தான் யோசித்தாள். இந்த விஷயத்தில் எல்லோரும் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள். மறைக்காதவர்கள், எதுவும் அறியாதவர்கள், அந்தப் பிள்ளைகள் மட்டும்தான். அவர்களுக்காகத்தான் இவ்வளவும் நடக்கிறது. முடிவு செய்யும் உரிமை யாருக்காவது உண்டென்றால் அது அவர்களுக்குத்தான்.

நிரோஜினி வேலை பார்த்த ஹோட்டல் செங்குத்தான மலைமுகட்டில் தொங்குவது போல நின்றது. வரவேற்பு மேசையில் இருந்தவள் தமிழ்க் குரலைக் கேட்டதும் எழுந்துவிட்டாள். அகிலேசனின் அதே அகலமான நெற்றி. பின்பக்கத்துச் சிறிய அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, கடலுக்கு அப்பால், பெத்ரினி சின்னதாகக் கறுத்துத் தெரிந்தது.

"அப்பா சொல்லி வந்தனீங்களோ, அக்கா?"

"இல்லம்மா. சொல்லக்கூடாதுன்னு சொன்னார்."

அமலி எல்லாவற்றையும் சொன்னாள். செத்த பல்லிகளை, காலிப் பெட்டியை, விளக்கேற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவர்களை. நிரோஜினி 'ஐயோ' என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கையெழுத்துப் போட்டிட்டீங்களோ?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியின் அர்த்தம் அமலிக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்." அவள் குரல் தாழ்ந்தது. "ஈஸ்டருக்கு ஊருக்குப் போனனாங்கள். கிணத்தில தண்ணி இறைச்சா, தண்ணி சுடுது. மோட்டர் பழுது எண்டார் அப்பா. ஸ்தமாத்தியா ஆன்ட்டியின்ர மகன் எனக்குப் பக்கத்தில நிண்டவன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தம். ஒண்டும் கதைக்கேல்லை. அண்டைக்குத் திரும்பி வந்தனாங்கள், பிறகு ஒருத்தரும் அங்க போகேல்லை. இந்தக் குசினியில, சலவை அறையில, படகுகளில, பெத்ரினிப் பிள்ளையள் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் கதைக்க மாட்டம்."

"அப்பாகிட்ட பேசுறதே இல்லையா?"

"ஒவ்வொரு நாளும் போன் எடுத்துக் கதைப்பன். சாப்பிட்டீங்களோ எண்டு கேப்பன். முழங்கால் நோ எப்பிடி எண்டு கேப்பன். மலையைப் பத்தி மட்டும் கேக்க மாட்டன். கேட்டா அவர் பொய் சொல்ல வேணும். இல்லாட்டி உண்மை சொல்ல வேணும். உண்மை சொன்னா நான் ஏதாவது செய்ய வேணும்." தொட்டிலைப் பார்த்தாள். "இவனை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்ய, அக்கா?"

அமலி கைபேசியை எடுத்தாள். வழியில் படகிலேயே எழுதி வைத்திருந்ததை இன்னொரு முறை படித்தாள். எடுத்த படங்களைச் சேர்த்தாள்.

நிரோஜினி அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாம் அக்கா. வடிகாலை மூடினா இங்க..."

"உடனே மூடச் சொல்லல. மெதுவா மூடணும், அதுக்குள்ள ரெண்டு தீவையும் காலி பண்ணணும்னு எழுதியிருக்கேன். ஆபீசுக்கு மட்டும் அனுப்பினா அமுக்கிருவாங்க. ரெண்டு துறைமுகத்துக்கும், ரேடியோவுக்கும், தீர்ப்புச் சொன்ன கோர்ட்டுக்கும் போகுது."

"காலி பண்ணுவினமோ?"

"தெரியாது."

"தெரியாமல் என்ர பிள்ளையின்ர தலையில கை வைக்க நீங்கள் ஆர்?"

அமலி, அந்த உரிமை தனக்கு இல்லை என்பது தெரிந்தேதான் அனுப்பினாள். அனுப்பி முடித்ததும், செய்தது சரியா என்று தன்னையே நம்ப முடியாமல், சுவரில் சாய்ந்து நின்றாள்.

செய்தி ரேடியோவில் போன சற்று நேரத்திலேயே வெளியே கூடத்தில் ஒரு கைபேசி ஒலித்தது. பிறகு இன்னொன்று. சமையலறைப் பக்கம் தட்டு ஏதோ விழுந்து உடைந்தது. யாரோ ஒருவன் கிரேக்க மொழியில் ஒரே ஒரு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினான். ஒருவர் மற்றவரிடம் என்ன விஷயம் என்று கேட்பது மட்டும் கேட்கவில்லை.

நிரோஜினி சட்டையில் குத்தியிருந்த ஹோட்டல் பெயர்ப்பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அமலியை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையால் அப்பாவை அழைத்தாள். அவர் உடனே எடுத்துவிட்டார்.

"சாப்பிட்டியோ, பிள்ளை?" என்று அவர் கேட்பது அமலிக்கும் கேட்டது.

"அப்பா," என்றாள் நிரோஜினி. "மலை எப்பிடி இருக்குது?"

அவர் பதில் சொல்லத் தொடங்கியபோது, அவள் இணைப்பைத் துண்டிக்காமலே, பெத்ரினிப் படகு நிற்கும் துறைமுகப் படிகளை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.